உங்கள் செல்லத்துக்குக் காட்டில் என்ன வேலை?

மலைப்பகுதி ரிசார்ட்டுகள் அனைத்தும் வளர்ப்பு நாய்களை அனுமதித்தே ஆக வேண்டும், மறுக்கும் விடுதியின் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். மசினகுடிப் பக்கம் ஒரு விடுதி அவருடைய லாப்ரடாரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டதாம். அந்தக் கோபத்தில் பிறந்த கட்டுரை. கோபத்தில் எழுதுவது குற்றமில்லை, நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். ஆனால் அத்தனை பக்கம் எழுதியவர் ஒரே ஒரு பத்தியிலாவது அந்த விடுதியின் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்திருக்கலாம்.

கட்டுரை முழுக்க இரண்டே பாத்திரங்கள். பணம் கொடுக்கும் விருந்தாளி, பணம் வாங்கும் முதலாளி. இவர் கேட்கிறார், அவர் மறுக்கிறார், ஆகவே அநீதி. விஷயம் இவர்கள் இருவரோடு முடிந்துவிடும் என்றால் எனக்கும் இதில் பேச ஒன்றுமில்லை. முடிவதில்லையே. காட்டோரத்தில் ஒரு நாய் இரண்டு நாள் தங்கிப்போவதற்கான விலையைக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்களில் சிலருக்கு நான்கு கால். யாரும் அறை முன்பதிவு செய்யவில்லை என்பதால் கட்டுரையாளரின் கணக்கில் அவர்கள் வரவில்லை.

அவரே தேர்ந்தெடுத்த இடத்திலிருந்து தொடங்குவோம். முதுமலை புலிகள் காப்பகத்தின் பரப்பு 688 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல், 367 சதுர கிலோமீட்டர், வெளிவட்டப் பகுதி. மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம் என்று சுற்றுலாப் பயணிகள் தேடிவரும் ஊர்களெல்லாம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில்தான் யானைகள் கிழக்குத் தொடருக்கும் மேற்குத் தொடருக்கும் போய்வருகின்றன. அந்த வழித்தடத்தை அரசு அறிவித்தது செல்லும் என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. மாவனல்லாவில் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து யானையின் மீது எரியும் டயரை வீசியதும், அது தலையில் தீயோடு இருட்டுக்குள் ஓடியதும் 2021 ஜனவரியில் நாடே பார்த்த காணொளி. அந்த யானை செத்தும் போனது. விடுதியே அங்கே இருக்கலாமா என்பது வருடக்கணக்கில் வழக்காக நடந்த இடத்தில், விடுதிக்குள் லாப்ரடார் வரலாமா என்பதை உரிமைப் போராட்டமாக்குவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இனி, அவர் சிரித்துக்கொண்டே கடந்துபோகும் நோய் விஷயத்துக்கு வருகிறேன். தடுப்பூசி போட்ட நாயால் காட்டுக்கு என்ன கேடு வந்துவிடப்போகிறது என்று கேட்கிறார்.

2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் காட்டில், ஒரே சரகத்தில், சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. ஒன்றோடொன்று சண்டையிட்டுச் செத்தன என்றுதான் முதலில் சொன்னார்கள். புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் மாதிரிகளைச் சோதித்தபோது டிஸ்டெம்பர் வைரஸ் வெளிப்பட்டது. நாய்களிடம் சர்வசாதாரணமாகப் பரவும் நோய் இது. மனிதர்களின் தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவு. அவசர அவசரமாக அமெரிக்காவிலிருந்து தடுப்பு மருந்து வரவழைத்தார்கள். அதற்கு இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்பே, 1994இல், தான்சானியாவின் செரெங்கெட்டியில் இதே நோய் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்களை, அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கை, முடித்துவைத்தது. சுற்றியிருந்த கிராமத்து நாய்களிடமிருந்து அது வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். எத்தியோப்பியாவின் பாலே மலைகளில் வாழும் ஓநாய்களின் கதை இன்னும் பரிதாபம். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். அந்தச் சில நூறையும் மேய்ப்பர்களின் நாய்கள் வழியாக வரும் ரேபிஸ் திரும்பத் திரும்பத் தாக்கியிருக்கிறது.

பூனைக் குடும்பத்துச் சிங்கத்துக்கே இந்தக் கதி. முதுமலையில் இருப்பது நாய்க் குடும்பத்திலேயே பிறந்த செந்நாய். டிஸ்டெம்பர், பார்வோ, ரேபிஸ் மூன்றும் அதைத் தாக்கும். கூட்டமாக வாழும் விலங்கு, ஒன்றின் வாயை ஒன்று நக்கும், ஒரே இரையில் வாய்வைக்கும், ஒரே வளையில் குட்டிகளை வளர்க்கும். ஒன்றுக்கு வந்தால் கூட்டத்துக்கே வந்தது மாதிரிதான். ஆங்கிலேயர் காலத்தில் செந்நாயைக் கொன்றவருக்குப் பரிசுப் பணம் கொடுத்தார்கள். அது கொடூரமான பூச்சாண்டி அல்ல, காட்டுக்கு வேண்டிய வேட்டைக்காரன் என்று நமக்குப் புரியவைத்தவர்களில் இருவர் நம்மூர்க்காரர்கள். நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், முதுமலையை ஒட்டிய பந்திப்பூரில் 1970களில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார். குன்னூர் வழக்கறிஞரான ஈ.ஆர்.சி. டேவிதார் சீகூர்ப் பகுதியில் குடில் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த விலங்கைக் கவனித்து எழுதினார். இன்று உலகம் முழுக்க இனப்பெருக்கம் செய்யும் வயதிலுள்ள செந்நாய்கள் 2,500க்கும் குறைவு என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மதிப்பிடுகிறது. இவை குட்டி போடுவது குளிர்காலத்தில். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று ரிசார்ட்டுகள் நிரம்பி வழிவதும் அப்போதுதான்.

செந்நாய் விடுதிக்குள் வந்து லாப்ரடாரோடு கைகுலுக்கவா போகிறது என்று கேட்கலாம். வேண்டாம். மூத்திரமும் மலமும் எச்சிலும் போதும். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண சோப்புத் தண்ணீருக்கு அசையாது. தடுப்பூசி போட்ட நாய்க்கு நோய் வராமல் இருக்கலாம். அதன் காலிலும் உரோமத்திலும், ஏன், உங்கள் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வைரஸ் வருவதை எந்த ஊசியும் தடுக்காது. உண்ணியையும் தடுக்காது. டிஸ்டெம்பர் வைரஸ் வெயிலில் சீக்கிரம் அழிந்துவிடும், குளிரில் தாக்குப்பிடிக்கும். நீங்கள் தேடிவரும் அதே குளிர்தான்.

அப்புறம் அந்தத் தடுப்பூசி அட்டை. உரிமம் கேட்கும் மாநகராட்சிகளும் அட்டையைப் புரட்டும் விடுதி வரவேற்பாளரும் பொதுவாகத் தேடுவது ரேபிஸ் ஊசியை. டிஸ்டெம்பர், பார்வோ எல்லாம் அடங்கிய ஊசியைப் போட்டிருக்கிறதா, வருடாந்தர ஊசி தவறிவிட்டதா, போட்டு எத்தனை நாளாயிற்று என்பதைச் சாவிக்கொத்தை நீட்டும் பையன் கேட்கப்போவதில்லை. கேட்டால் அவன் மீதும் ஒரு கட்டுரை வரும்.

மசினகுடியில் ஊர் நாய்கள் இல்லையா, அவைதானே பெரிய ஆபத்து என்று அடுத்த அம்பு வரும் என்று தெரியும். உண்மைதான், அவைதான் பெரிய ஆபத்து. அதனால்தான் நீலகிரியில் தொண்டு அமைப்புகள் ஊர் ஊராகப் போய் நாய்களைப் பிடித்துத் தடுப்பூசி போட்டுவருகின்றன. ஒரு வட்டாரத்து நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் ரேபிஸ் சங்கிலி அறும் என்பது கணக்கு. இந்தக் கணக்கு, இருக்கிற நாய்களை வைத்துப் போட்டது. வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து ஞாயிறு மதியம் மறைந்துவிடும் நாய்களை எந்தப் பட்டியலில் எழுதுவது? ஏற்கெனவே ஓட்டையுள்ள கூரை என்பதற்காக இன்னொரு ஓட்டை போடும் உரிமை யாருக்கும் கிடையாது.

சட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவு, சரணாலயத்துக்கு உள்ளேயும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போடச் சொல்கிறது. கால்நடை என்றால் எவை என்று சட்டமே அடுக்குகிறது. எருமை, மாடு, ஒட்டகம், கழுதை, ஆடு, குதிரை, பன்றி, வாத்து, கோழி என்று நீளும் அந்த வரிசையில் நாயின் பெயர் இல்லை. ஆக, தலைமுறை தலைமுறையாக அங்கேயே மாடு மேய்ப்பவரின் பசுவுக்குச் சட்டம் ஊசியை நீட்டும். தொலைதூரத்திலிருந்து காரில் வந்திறங்கும் நாயை அந்தப் பிரிவு கண்டுகொள்ளாது. அநீதி என்று எழுதியே தீர வேண்டுமானால் இதைப் பற்றி எழுதியிருக்கலாம்.

கயிற்றில் கட்டித்தானே கூட்டிப்போகிறோம் என்பது அவருடைய இன்னொரு வாதம். சிட்னி நகரின் ஓரக்காடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. கயிற்றில் கட்டிய நாயோடு பாதையில் நடந்துபோனார்கள், அவ்வளவுதான். பறவை வகைகள் 35 சதவீதமும் பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்தன. நாய் குரைத்ததா, துரத்தியதா என்பதற்கெல்லாம் அங்கே இடமே இல்லை, நடந்ததே போதுமாக இருந்தது. மானுக்கும் மயிலுக்கும் கயிறு கண்ணில் படாது, நாய்தான் படும். பறவை பார்க்க வந்தோம், ஒன்றும் தென்படவில்லை என்று விடுதியின் மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கும் விருந்தாளிகளும் இவர்களில்தான் இருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வெளிநாட்டைப் பாருங்கள் என்கிறார். பார்ப்போம். ஜெர்மனியில் உணவகத்துக்குள்ளேகூட நாய் வருகிறது என்று வியக்கிறவர், அங்கே நாய் வளர்ப்பவர் உள்ளாட்சிக்கு வரி கட்டுகிறார் என்பதைச் சொல்லவில்லை. லோயர் சாக்சனி மாநிலத்தில் ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை, காட்டு உயிர்கள் குஞ்சு பொரித்துக் குட்டி போடும் காலம் என்பதால், காட்டுக்குள்ளும் திறந்தவெளியிலும் நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கக்கூடாது. பிரிட்டன் 2000ஆம் ஆண்டு வரை வெளியிலிருந்து வந்த நாய்களை ஆறு மாதம் தனிமையில் அடைத்துவைத்துத்தான் உள்ளே விட்டது, ரேபிஸ் பயத்தில். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் நடைபாதைத் தடங்களிலும் மரப்பலகைப் பாதைகளிலும் நாய்க்கு அனுமதியே இல்லை, சாலையிலிருந்து 100 அடிக்கு அப்பால் போகக்கூடாது, கயிற்றின் நீளம் 6 அடிக்கு மேல் கூடாது. ஆஸ்திரேலியாவின் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலானவற்றில் வாசலிலேயே தடை. நாய்களை நம்மைவிடக் கொண்டாடும் நாடுகள்தான் இவை. கஃபேக்குள் விடுகிறார்கள், காட்டுக்குள் விடுவதில்லை. அந்த வித்தியாசம் தெரிந்ததால்தான் அவர்களால் இரண்டையும் செய்ய முடிகிறது. நாமோ ரேபிஸ் இன்னும் ஆளைக் கொல்லும் நாட்டில் இருந்துகொண்டு பேசுகிறோம். நாய்க்கடிக்கு மருந்து வேண்டும் என்றே 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே மலையில் உட்கார்ந்துகொண்டு இந்த விவாதத்தை மேல்தட்டு வம்பு என்று ஒதுக்கக் கூச்சமாக இருக்கிறது.

கட்டுரையில் அரசியல் சாசனமும் வருகிறது. 51ஏ(ஜி) பிரிவின்படி உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்கிறார். சரி, ஆனால் அந்தப் பிரிவின் முதல் பாதியை எங்கே விட்டுவிட்டு வந்தார்? காடுகள், ஏரிகள், ஆறுகள், வனவிலங்குகள் அடங்கிய இயற்கைச் சூழலைக் காப்பது கடமை என்று சொல்லிவிட்டுத்தான் அது இரக்கத்துக்கு வருகிறது. ஒரே வாக்கியம். பாதியை வெட்டி எடுத்து மேற்கோள் காட்டியிருக்கிறார். விலங்கு நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அப்படியே. குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்களைத் தடைசெய்யக்கூடாது என்று அது சொல்வது, மனிதரும் நாயும் வாழும் வீட்டைப் பற்றி. இரண்டு இரவு வாடகைக்கு எடுத்த குடிலைப் பற்றியதல்ல.

எனக்கு மிகவும் உறுத்தியது வேறு. கட்டுரையில் ஒரு வரி: அறையைச் சுத்தம் செய்யக் கூடுதல் கட்டணம் கொடுக்கத் தயாராக இருக்கும்போது விடுதிக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறார். விடுதிக்கு நஷ்டம் இல்லைதான். கட்டணம் முதலாளியின் கணக்குக்குப் போகிறது. மெத்தை விரிப்பில் அப்பிய உரோமத்தைக் கையால் கிள்ளி எடுப்பதும், கம்பளத்தில் ஊறிய மூத்திரத்தை மண்டியிட்டுத் தேய்ப்பதும் பக்கத்துக் காலனியிலிருந்து வரும் ஹவுஸ்கீப்பிங் பெண். ஒரு நாளுக்கு இத்தனை அறை என்பது அவருடைய கணக்கு, நாய் தங்கிய அறை என்று அதில் தள்ளுபடி கிடையாது. உங்கள் கூடுதல் கட்டணத்தில் அவருக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு வந்தா எழுதினீர்கள்?

அது போகட்டும். விருந்தாளி சஃபாரிக்குப் போய்விட்டார், நாய் அறைக்குள். துண்டு மாற்ற வேண்டும் என்று இந்தப் பெண் கதவைத் திறக்கிறார். புது இடம், எஜமானர் இல்லை, முன்பின் தெரியாத ஆள் உள்ளே நுழைகிறார். எந்த நாயும் அந்த நேரத்தில் என்ன செய்யுமோ அதைச் செய்கிறது. கடித்தால் அரசு மருத்துவமனையில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு முறை ஊசிக்குப் போக வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் அதற்கு மேல் இம்யூனோகுளோபுலின். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருந்தால் பிழைத்தார். இல்லாவிட்டால் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஊட்டிக்குப் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போக. 7ஆம் நாள் வரும்போது நாய் எங்கே? அதன் சொந்த ஊரில், சோபாவின் மேல். பத்து நாள் அந்த நாயைக் கண்காணித்துச் சொல்ல வேண்டும் என்கிறது மருத்துவம். யார் யாருக்குச் சொல்வது?

எங்கள் நாய் ஒன்றும் செய்யாது என்ற பதில் தயாராக இருக்கும். நாய் வளர்க்கும் எல்லோரும் சொல்வது, என் வீட்டிலும் சொல்கிறோம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறியபோது, அவையும் யாரோ ஒருவருடைய செல்லங்கள்தான். கயிறு இல்லை, வாய்மூடி இல்லை. அந்தக் குழந்தை பூங்காக் காவலாளியின் மகள். பூங்காவில் உலாவ வந்தவர்களின் பிள்ளை அல்ல, பூங்காவிலேயே குடியிருந்த தொழிலாளியின் பிள்ளை. ரிசார்ட்டுகளிலும் சமையலறைக்குப் பின்னால், தோட்டக்காரர் குடியிருப்பில், இப்படிப்பட்ட பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு சொல்கிறது. கூலிக்கு வேலைசெய்யும் பெண் விருந்தாளி மீது புகார் கொடுத்துவிட்டு அடுத்த நாள் அதே விடுதிக்கு வேலைக்குப் போவார் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

நாய் குடும்பத்தில் ஒருவர், அதை விட்டுவிட்டு எப்படி விடுமுறை கொண்டாடுவது என்று உருகுகிறார். அந்தக் குடும்ப உறுப்பினரின் அபிப்பிராயத்தைக் கேட்டால் அது வீட்டு வாசல் மிதியடியைத்தான் காட்டும். நாய்க்கு விடுமுறை என்பது பழகிய வாசனை, பழகிய நேரம், பழகிய ஆள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு போய், முன்பு தங்கிப்போன பத்து நாய்களின் வாடை அடிக்கும் அறையில் படுத்து, இரவு டிஜே சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் நடுங்கி, வேலிக்கு அப்பால் வரும் ஏதோ ஒரு மணத்துக்கு விடிய விடிய உறுமுவது அதற்கு உல்லாசமா? உல்லாசம் படமெடுக்கிறவருக்கு. தட்டையான மூக்குள்ள பக் வகை நாய்களுக்கு இந்த அலைச்சலில் மூச்சே தகராறு.

வேலிக்கு அப்பாலிருந்து வரும் மணம் சிறுத்தையுடையதாகவும் இருக்கலாம். மகாராஷ்டிராவின் அகோலே வட்டாரத்தில், கரும்புக் காட்டுக்குள் வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை வித்யா ஆத்ரேயா குழுவினர் ஆராய்ந்தபோது, அவை தின்ற இரையின் எடையில் சுமார் 39 சதவீதம் வீட்டு நாய்கள் என்று தெரிந்தது. காட்டோரச் சிறுத்தைக்கு நாய் எளிதில் கிடைக்கும் இரை. விடுதிப் புல்வெளியில் இரவு பத்து மணிக்குக் கடைசி மூத்திரத்துக்காக அவிழ்த்துவிடப்படும் லாப்ரடார் இன்னும் எளிது. ஒரு தடவை கிடைத்த இடத்துக்குச் சிறுத்தை மறுபடி வரும். அப்போது புல்வெளியில் நிற்பது யார் என்பது அதற்கு இரண்டாம் பட்சம். பிறகு கூண்டு வைக்கச் சொல்லி விருந்தாளிகளே வனத்துறைக்குப் போன் போடுவார்கள். சிறுத்தையைப் பிடித்து வேறெங்கோ கொண்டுபோய் விடுவார்கள். நாய் அனுமதி கேட்ட கட்டுரையில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

நகரத்து ஹோட்டல்கள் நாய்க்கு இடம் கொடுக்கட்டும், கொடுக்கவும் வேண்டும். மருத்துவமனை வேலையாக, வீடு மாற்றலாக நாயோடு பயணம் செய்கிறவர்கள் படும் பாடு எனக்கும் தெரியும். ரயிலில் முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் எடுத்தால் தவிர நாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வழியில்லை, மற்றபடி கார்டு பெட்டிக் கூண்டுதான். அதற்காகக் கட்டுரையாளர் பேனாவை எடுத்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவர் எடுத்தது வார இறுதிச் சுற்றுலாவுக்கு, அதுவும் புலிகள் காப்பகத்தின் விளிம்பில்.

உரிமத்தை ரத்து செய்யும் யோசனையை மட்டும் நான் முழுமனதோடு வரவேற்கிறேன். காப்பகங்களின் வெளிவட்டத்துக்குள் இருந்துகொண்டு ‘உங்கள் செல்லமும் எங்கள் விருந்தாளி’ என்று நாய்க்குக் கழுத்துப் பட்டையும் கேக்கும் வைத்து விளம்பரம் செய்யும் விடுதிகளிலிருந்து மாவட்ட நிர்வாகம் அதை ஆரம்பிக்கலாம்.